மலை ஊரில் மின்கார்: உச்சியில் பேட்டரியை நிரப்பாதீர்கள்

மலை ஊரில் மின்கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். ஒரு டன் எடையை 367 மீட்டர் உயர்த்த ஒரு யூனிட் மின்சாரம் தேவை. உதாரணத்துக்கு, மேட்டுப்பாளையத்தைவிடக் கோத்தகிரி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஆட்களோடு 1.7 டன் எடையுள்ள காருக்கு அந்த உயரத்துக்கு மட்டுமே 7 யூனிட் ஆகும். உராய்வும் மோட்டாரின் இழப்பும் சேர்ந்தால் 33 கிலோமீட்டர் மலைப்பாதைக்கு 11 யூனிட் வரை போகும். சமவெளியில் அதே தூரத்துக்கு நாலு யூனிட் போதும். அதனால் ஏறும்போது திரையில் தெரியும் கிலோமீட்டரை நம்பாமல் சதவீதத்தைப் பாருங்கள்.

இறங்கும்போது அந்த 7 யூனிட்டும் திரும்பி வராது. மூன்று யூனிட் பேட்டரியில் சேர்ந்தாலே நல்லது. என்னைக் கேட்டால், அந்த யூனிட்டைவிடப் பெரிய லாபம் பிரேக் சூடாகாமல் இருப்பதுதான். டீசல் வண்டியை இரண்டாவது கியரில் போட்டு இறக்குவோமே, அந்த வேலையை இங்கே ரீஜென், அதாவது வண்டியின் வேகத்தை மோட்டாரே மின்சாரமாக மாற்றிப் பிடிக்கும் முறை, செய்கிறது. ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. பெரும்பாலான கார்களில் ரீஜென் அப்போது ஏறக்குறைய நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் முழுச்சுமையும் பிரேக் பேடு மேல் விழும்.

ஆகவே மேலே இருக்கும் வீட்டில் முழுதாகச் சார்ஜ் ஏற்றாதீர்கள். 30 யூனிட் பேட்டரிக்கு இந்த இறக்கம் பத்து சதவீதம் நிரப்பும், 85-இல் நிறுத்திவிடுங்கள். காரிலோ செயலியிலோ வரம்பு வைக்கும் வசதி இருந்தால் ஒருமுறை அமைத்தால் போதும். பனிக்காலக் காலையில் குளிர்ந்த பேட்டரியும் மின்சாரத்தைச் சரியாக வாங்காது. முதல் சில வளைவுகளை மெதுவாகவே கடக்க வேண்டும்.

இறக்கம் தொடங்கும் முன்பே ரீஜென்னைக் கூடுதல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மழையில், சேறும் சருகும் கிடக்கும் எஸ்டேட் சாலையில் மட்டும் ஒரு நிலை குறையுங்கள். மோட்டார் இணைந்த சக்கரங்களை மட்டுமே ரீஜென் பிடிக்கும். வழுக்கினால் வண்டி இழுபடும். கால் பிரேக் நான்கு சக்கரத்தையும் பிடிக்கும்.

வீட்டில் சார்ஜ் ஏற்ற 15 ஆம்பியர் பிளக்குக்குத் தனி ஒயர் இழுங்கள். பாறை நிலத்தில் எர்த் சரியாக அமைவது கடினம். எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர் என்றால் இரவு பத்து மணிக்கு மேல் போடுங்கள். மணிக்கு மூன்று யூனிட் வீதம், ஏற்றத்தில் செலவான 11 யூனிட் நாலு மணி நேரத்தில் ஏறிவிடும்.