காப்பி இயந்திரத்தில் குடியேறும் பூச்சிகள்

மாணவர்களே, காலையில் காப்பி இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியைத் திறக்கிறீர்கள். உள்ளிருந்து சின்னக் கரப்பான் ஒன்று ஓடுகிறது. உடனே பூச்சிமருந்தை எடுத்து உள்ளே தெளிக்கலாமா? கூடாது. ஏன் கூடாது, வேறு என்ன செய்யலாம் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

ஏன் அங்கே வருகிறது?

கரப்பானுக்கு வேண்டியவை நான்கு: வெப்பம், தண்ணீர், உணவு, இருட்டான இடுக்கு. காப்பி இயந்திரத்தில் நான்கும் உண்டு. அணைத்த பிறகும் அதன் உட்பகுதி சிறிது நேரம் இளஞ்சூடாக இருக்கும். தொட்டியில் தண்ணீர் நிற்கும். கீழ்த்தட்டில் சொட்டிய காப்பியும் பாலும் உணவாகும். பின்புறக் காற்றுத் துளைகள் வாசலாகும்.

ஈப்போவில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை மற்ற மூன்றும்தான். அவற்றிலும் தண்ணீரே முதன்மையானது. உணவில்லாமல் தாக்குப்பிடிப்பதைவிடக் குறைந்த நாள்களே கரப்பானால் தண்ணீரில்லாமல் வாழ முடியும்.

பெயர் ஜெர்மன், ஊர் ஆசியா

இயந்திரங்களுக்குள் அதிகம் நுழைவது ஜெர்மன் கரப்பான். நீளம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இருக்கும். 1767இல் லின்னேயஸ் அதற்கு ஜெர்மனியின் பெயரை வைத்தார். ஆனால், அது ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியன்மார் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து தோன்றியது என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இன்று அது மனிதர் கட்டிய கட்டடங்களையே நம்பி வாழ்கிறது. பெண் கரப்பான் 30 முதல் 40 முட்டைகள் கொண்ட பையைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய்வரை தன் உடலிலேயே சுமந்து திரியும்.

அதன் எச்சத்திலும் உரித்த தோலிலும் உள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டும். உங்கள் வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இது சின்ன விஷயமல்ல.

மருந்து ஏன் கைகொடுக்காது?

முதல் காரணம் எளிது. தொட்டியில் தெளித்த மருந்து உங்கள் கோப்பைக்கே வரும்.

இரண்டாவது, எதிர்ப்புத்திறன். மருந்துக்குத் தப்பிய சில கரப்பான்கள் இனம் பெருக்கும்போது அந்தத் திறன் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. தீபகற்ப மலேசியாவில் பிடிக்கப்பட்ட ஜெர்மன் கரப்பான்களிடம் இத்திறன் இருப்பதை 1996இல் வெளியான ஆய்வே காட்டிவிட்டது.

மூன்றாவது, எறும்பு. கெட்டிப்பால் சொட்டிய இடத்தைத் தேடி வரும் பாரோ எறும்பு 2 மில்லிமீட்டர்தான். ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருக்கும். மருந்து தெளித்தால் அந்தக் கூட்டம் பல சிறு கூட்டங்களாகப் பிரிந்து வெவ்வேறு இடங்களில் குடியேறும். ஒன்றை விரட்டப்போய் நான்கைச் சம்பாதிப்போம்.

தோட்டத்து வீட்டுப் பாடம்

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா, பாட்டி உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து லயத்து வீடுகளில் உணவு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைப்பார்கள். எறும்பு தண்ணீரைத் தாண்டாது. பூச்சியைக் கொல்லாமலேயே அதன் வழியை அடைத்துவிட்டார்கள்.

ஆனால், இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் மாற்றாத தண்ணீரில் ஏடிஸ் கொசு வளர்ந்து டிங்கியைப் பரப்பலாம். சில துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரம் விட்டால் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறையும். எறும்பால் நீரின்மேல் நிற்க முடியாது. கொசுப்புழுவாலும் மேற்பரப்பில் தொங்கி மூச்சுவிட முடியாது. அப்படியும் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள். இந்த முறையைச் சீனி டப்பாவுக்குப் பயன்படுத்தலாம். மின்சாரத்தில் இயங்கும் இயந்திரத்துக்கு ஒருபோதும் கூடாது.

இயந்திரத்துக்கு என்ன செய்யலாம்?

1. முதலில் மின்செருகியைக் கழற்றுங்கள்.
2. இரவில் தொட்டித் தண்ணீரைக் கொட்டி, துடைத்துக் காயவிடுங்கள்.
3. பயன்படுத்திய காப்பித்தூளை அன்றே எறியுங்கள். கீழ்த்தட்டைச் சவர்க்காரத்தில் கழுவுங்கள்.
4. எறும்பு வந்த தடத்தைச் சவர்க்கார நீரால் துடையுங்கள். வழிகாட்டும் வாசனை அழிந்துவிடும்.
5. சீனி, கெட்டிப்பால், காப்பித்தூள் ஆகியவற்றை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.
6. இயந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்து, அருகில் ஓர் ஒட்டுப்பொறி வையுங்கள். தொடர்ந்து கரப்பான் சிக்கினால் உள்ளே கூடு இருக்கலாம். நீங்களே பிரிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூளைத் தூவுங்கள். அது மிதக்கும். நடுவில் ஒரு துளி சவர்க்காரம் விடுங்கள். தூள் சட்டென ஓரத்துக்கு விலகும்; கொஞ்சம் மூழ்கவும் செய்யும். ஏன்? மேலே படித்ததைக் கொண்டு இரண்டு வரியில் விடை எழுதுங்கள். பிறகு உங்கள் வீட்டுச் சமையலறையில் இரவு முழுதும் தண்ணீர் நிற்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கரப்பானும் அவற்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.