இரண்டாம் பகுதியை முடித்துவிட்டுப் போ

அன்பு மருமகனுக்கு,

லூகாங்கிலிருந்து மாமா எழுதுவது. பாட்டியின் முழங்கால் பழையபடிதான். மருத்துவரைவிட அவளுக்குத் தன் தைலத்தின் மேல்தான் நம்பிக்கை.

உன் அம்மா போன வாரம் தைபேயில் உன்னைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று நம் இருவருக்கும் தெரியும். கடைசியில் நானாகக் கேட்டுக் கேட்டுத்தான் வெளியே வந்தது. இளைத்துவிட்டாயாம். விடியும் நேரத்தில்தான் படுக்கிறாயாம். ஒரு தொடருக்குப் பின்னணி இசை அமைக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம்; ஒப்புக்கொள்ளப் போகிறாயாம். சுவோனாக் குழலுக்கு எழுதும் கான்செர்ட்டோவை இரண்டாம் பகுதியின் நடுவிலேயே நிறுத்திவிட்டு, “அப்புறம் பார்க்கலாம்” என்கிறாயாம். அந்தத் தாள்களின் மேல் நூடுல்ஸ் கிண்ணம் இருந்ததையும் சொன்னாள். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

உனக்கு உத்தரவு போட நான் யார்? கல்யாணப் பந்தியில் தாய்மாமனைத் தலைமை இருக்கையில் உட்காரவைப்பது சாப்பிடத்தான். முடிவு உன்னுடையது. இரண்டு பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

லிம் கியோங் பெயரைச் சொல்லித்தான் அம்மாவிடம் வாதாடினாயாம். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். நம் சாங்ஹுவாக்காரர். 1964இல் பிறந்தவர். 1990இல் அவர் முதல் ஆல்பம் வந்தபோது நீ பிறக்கவே இல்லை. ஊரை விட்டு ரயிலேறித் தைபேக்குப் போகிற பையனின் பாட்டு அது. மாண்டரினில் இல்லை, நம் வீட்டுப் பேச்சான தைவானிய மொழியில். ராணுவச் சட்டம் நீங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. நம் மொழிப் பாட்டென்றால் குடித்துவிட்டு அழுபவர்களுக்கு என்று ஒதுக்கிவைத்திருந்த பிள்ளைகள் அதைத் தெருவில் உரக்கப் பாடிக்கொண்டு போனார்கள். உன் சின்ன மாமா அந்தக் கேசட்டைத் தேய்த்தே தீர்த்தான்.

அவ்வளவு புகழ் வந்தவர் அதே பாட்டைப் பத்து விதமாகப் பாடிப் பிழைத்திருக்கலாம். செய்யவில்லை. 1994இல் வந்த ஆல்பத்தில் வேறு வழியில் போனார். கேட்டவர்கள் கூடவே போகவில்லை. அதற்குள் இயக்குநர் ஹோ ஷியாவ்-ஷியென் அவரை நடிக்கக் கூப்பிட்டிருந்தார். ‘தி பப்பெட்மாஸ்டர்’ படத்தில் பொம்மலாட்டக்காரர் லீ தியென்-லூவின் இளமைப் பருவம் அவர்தான். 1996இல் ‘குட்பை சவுத், குட்பை’யில் நடித்து, இசையும் அமைத்து, அதன் பாட்டுக்குக் கோல்டன் ஹார்ஸ் விருதும் வாங்கினார். பிறகு ‘மில்லேனியம் மாம்போ’வுக்கு இசை. சீன இயக்குநர் ஜியா ஜாங்கேயின் ‘தி வேர்ல்ட்’, ‘ஸ்டில் லைஃப்’, ‘எ டச் ஆஃப் சின்’. 2015இல் ‘தி அசாசின்’ இசைக்காகக் கான் விழாவில் விருது. பி கான் என்ற இளைஞரின் முதல் படம் ‘கைலி ப்ளூஸ்’, அதற்கும் அவரே.

இந்தப் பட்டியலைப் பார்த்து, சினிமாவுக்குப் போனார், உயர்ந்தார் என்கிறாய். எனக்கு அதில் தெரிவது வேறு. சினிமாவுக்குள் காலெடுத்து வைக்கும்போதே அவரிடம் ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலைத் தானே உடைத்துப் பார்க்கும் துணிச்சலும் இருந்தது. அதைத் தேடித்தான் இயக்குநர்கள் அவரிடம் வந்தார்கள்.

உனக்கு வந்திருக்கும் வேலை அப்படிப்பட்டதா? அம்மா சொன்னதில் ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எடிட்டிங் மேசையிலேயே ஏதோ ஹாலிவுட் படத்தின் இசையை வெட்டி ஒட்டிவைத்துவிட்டு, “இதே மாதிரி வேண்டும், ஆனால் வழக்கு வராத மாதிரி” என்று உன்னிடம் கொடுக்கிறார்களாம். அதற்கு ரெஃபரன்ஸ் என்று பெயராம்.

நீ சலிக்கச் சலிக்கக் கேட்ட கதைதான். இன்னொரு தடவை கேள். எங்கள் பள்ளியில் நம் மொழியில் வாய் திறந்தால் அபராதம். காசில்லாதவன் கழுத்தில் பலகை. அடுத்தவன் வாய் தவறும்வரை அதைக் கழற்ற முடியாது. ஆகவே நாங்கள் ஒருவனை ஒருவன் பேசவைக்கப் பொறி வைத்தோம். இதெல்லாம் போகட்டும். பாட்டு வகுப்பில் ஒரு நாள், கோயில் ஊர்வலத்தில் உன் தாத்தா ஊதுகிற சுவோனாவை வாத்தியார் “சத்தம்” என்றார். வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து சீவாளியை நனைத்து ஊதிப் பார்த்தபோது எனக்கும் அது சத்தமாகத்தான் கேட்டது. பலகையை மறுநாளே கழற்றிவிடலாம், மருமகனே. காதைத் திரும்ப வாங்குவதற்கு எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. பெய்குவான் மரபிசைக் குழுவில் நான் சேர்ந்தபோது அப்பா உயிரோடு இல்லை.

இன்று உன் கழுத்தில் யாரும் எதையும் மாட்டவில்லை. அடுத்தவன் ஒலியை உன் காதில் மாட்டிவிட்டு, இதே மாதிரி பேசு என்கிறார்கள், கூலியும் கொடுக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். கூலி வந்துவிட்டால் வேறாகிவிடுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். ‘தி அசாசின்’ கடைசியில் அந்தப் பெண் வெட்டவெளியில் நடந்து போகும்போது ஒரு குழல் முழங்குமே, பறையும் சேர்ந்து? எங்கள் குழுவில் எல்லோரும் அதைச் சுவோனா என்றே சத்தியம் செய்தார்கள். கடைசியில் பார்த்தால் பிரான்சின் பிரிட்டனிப் பகுதிக் குழல்காரர்களும், செனகல் நாட்டு தூதூ ந்தியாய் ரோஸின் முரசுகளும் சேர்ந்த ஒரு பழைய பதிவு. லிம் கியோங் அமைத்ததே இல்லை. படத்துக்குப் பொருந்தியது, இயக்குநர் வைத்தார். அது அவர் உரிமை, நான் குறை சொல்லவில்லை. விருது வாங்கிய இசையமைப்பாளருக்கே படத்தின் கடைசி வார்த்தை கிடைக்கவில்லை என்றால், பத்து எபிசோடு தொடரில் உனக்கு என்ன கிடைக்கும்? படம் சுருங்கினால் உன் இசை சுருங்க வேண்டும். காட்சி போனால் இசையும் குப்பைக்குப் போகும். கான்செர்ட்டோவில் முதல் ஸ்வரமும் உன்னுடையது, கடைசி ஸ்வரமும் உன்னுடையது.

கச்சேரி இசையை யார் கேட்கிறார்கள் என்று நீ கேட்பாய். இசையமைப்பாளர் மா ஷுய்-லோங் கீலுங்கில் உரத் தொழிற்சாலையில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவர். பிறகுதான் இசை படிக்கப் போனார். 1981இல் அவர் எழுதிய பாங்டி கான்செர்ட்டோ ஒரு சின்ன மூங்கில் குழலுக்கும் முழு ஆர்கெஸ்ட்ராவுக்குமானது. 1983இல் நடத்துநர் ரோஸ்ட்ரோபோவிச் வாஷிங்டன் நேஷனல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு இங்கே வந்து அதை நடத்தினார். அதில் ஒரு துண்டை வானொலி தன் அடையாள இசையாக்கிக்கொண்டது. மீன் சந்தையில் இருந்தவர்கள்கூட அவர் பெயர் தெரியாமலே அவர் இசையைக் கேட்டார்கள். இது யாரும் கேட்காத இசையா?

நம் பக்கத்து ஹெமெய்யில் பிறந்த ஷூ சாங்-ஹுவெய்யையும் நினைத்துக்கொள். பாரிஸில் இசை படித்துவிட்டு வந்தவர். வந்து என்ன செய்தார்? ஊர் ஊராக ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நாட்டுப்பாடல் தேடி அலைந்தார். 1967இல் தெற்குக் கோடியில், ஹெங்சுன்னில், சென் தா என்ற ஏழைக் கிழவரின் பாட்டு அப்படித்தான் வெளியுலகுக்கு வந்தது. 1978இல் க்ளவுட் கேட் நடனக் குழுவின் ‘லெகசி’யில் ஒலித்தது அந்தக் கிழவர் குரல். அவரைக் கேட்டுத் தன் வழியைக் கண்டுகொண்டவர் சென் மிங்-சாங். அவர் கிட்டார் இல்லாமல் ஹோவின் ‘டஸ்ட் இன் த விண்ட்’டை நினைத்துப் பார்க்க முடியுமா? நாந்த் விழாவில் இசைக்குப் பரிசு வாங்கிய படம். ஆக, நல்ல காது எப்படியும் சினிமாவைப் போய்ச் சேர்ந்துவிடும். சினிமாவுக்குள் போய்க் காதைத் தேடி எடுத்தவர் யாராவது உண்டா? எனக்குத் தெரியவில்லை, தெரிந்தால் எழுது.

உடம்பைப் பற்றி ஒரே வார்த்தை. ‘ரெட் டஸ்ட்’ படத்துக்கு இசையமைத்த ஷி ஜியே-யோங்கை உனக்குத் தெரியும். மேடைக்கும் எழுதினார், படத்துக்கும் எழுதினார். 2011இல், திரையிசைக் கச்சேரி நடந்த அதே நாளில் போய்விட்டார். அறுபதைக்கூட எட்டவில்லை. இதை உன் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. ராத்திரி தூங்கு.

சினிமா கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. போ, தாராளமாகப் போ. தொடர்காரர்களிடம் மூன்று மாதம் தவணை கேள். தர மறுத்தால் அவர்களுக்கு வேண்டியது நீ இல்லை, ஒரு கை என்று தெரிந்துபோகும். அதுவும் லாபம்தான். அந்த மூன்று மாதம் இங்கே வந்துவிடு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. தைபே வாடகையை நான் கட்டுகிறேன். உன் அப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை, அவர் காசு விஷயத்தில் எப்படி என்று உனக்கே தெரியும். சாயங்காலம் குழு ஒத்திகைக்கு வா. சுவோனாவில் மூச்சு எங்கே திரும்புகிறது, எந்த ஸ்வரம் வேண்டுமென்றே கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும் சாம்பிளுக்குத் தெரியாது. ஊதுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டாம் பகுதி தானாக நகரும்.

அதிகம் பேசிவிட்டேன். திட்டியதாக நினைக்காதே, என் தங்கமே. உன் தலைமுறையில் இந்தக் குடும்பத்தில் தாத்தாவின் காது யாருக்கு வந்திருக்கிறது என்று கேட்டால், பாட்டி முதல் சின்ன மாமா வரை எல்லோரும் உன்னைத்தான் காட்டுவார்கள். தொடருக்கே இசை போட்டாலும் முதல் எபிசோடு அன்று தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்ப்பேன். உன் பெயர் வரும்போது கை தட்டுவேன். நீ என்ன எழுதினாலும் எனக்கு அது நல்ல இசைதான். நாக்கு வடிவப் பலகாரம் ஒரு பெட்டி மாமி அனுப்பியிருக்கிறாள். நண்பர்களுக்குக் கொடுத்துவிடாமல் நீ சாப்பிடு. பணம் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேள்.

முடிவு உன்னுடையதுதான். ஆனால் எதற்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் அதற்கு முன் இரண்டாம் பகுதியை முடித்துவிடு.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
மாமா