யதீந்த்ரமத தீபிகை: வேதாந்தத்தின் முதற்படி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் முதலிய ஊர்களிலிருந்து சோளிங்கருக்குச் சென்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறி யோக ந்ருஸிம்ஹனைச் சேவித்து வரும் அடியார்கள் பலர். திருக்கடிகை என ஆழ்வார்கள் மங்களாசாஸனம் செய்த அந்தத் திவ்யதேசமே, சோளசிம்மபுரம் எனவும் வழங்கப்படுகிறது. விசிஷ்டாத்வைத வேதாந்தம் கற்கத் தொடங்குவோர்க்கு ஏற்ற முதல் நூலொன்று, அத்தலத்து ஆசார்யர் ஒருவரின் உபதேச வழியில் பிறந்தது என்பதைச் சிலரே அறிவர்.

16ஆம் நூற்றாண்டில் அங்கு எழுந்தருளியிருந்தவர் மஹாசார்யர் எனப் பெயர் பெற்ற தொட்டையாசார்யர். காஞ்சிக் கருட ஸேவைக்குச் செல்ல இயலாத ஓராண்டில் அவர் தக்கான் குளக்கரையில் நின்று உருகித் துதிக்க, பேரருளாளன் அங்கேயே காட்சி தந்தான் என்பது ஸம்ப்ரதாயம். காஞ்சியில் நடைபெறும் தொட்டாசார்யர் ஸேவை அதன் நினைவேயாகும். அவருடைய பக்தியை அறிந்த அளவுக்கு அவருடைய பாண்டித்யத்தைப் பலர் அறியார். ஸ்ரீ வேதாந்த தேசிகன் (1268–1369) அருளிச்செய்த சததூஷணி என்னும் வாத நூலுக்குச் சண்டமாருதம் என்ற வ்யாக்யானம் இயற்றியவர் அவரே. ந்யாயமும் மீமாம்ஸையும் பயிலாதவர் அந்நூலுள் நுழைவது அரிது.

அம்மஹாசார்யரின் சிஷ்யரான ஸ்ரீநிவாஸதாஸர், ஸித்தாந்தத்தின் ஸாரத்தைத் தொடக்க மாணவனுக்கும் எட்டும்படி சுருக்கி அளித்தார். அதுவே யதீந்த்ரமத தீபிகை. யதீந்த்ரர் எம்பெருமானார், அவருடைய மதத்தைக் காட்டும் விளக்கு என்பது பெயரின் பொருள்.

இந்நூல் பத்து அவதாரங்களை, அதாவது பத்துப் பகுதிகளை, உடையது. முதல் மூன்றும் ப்ரமாணங்களைக் கூறுவன: ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம். அடுத்த ஆறும் த்ரவ்யங்கள்: ப்ரக்ருதி, காலம், நித்யவிபூதி, தர்மபூதஜ்ஞானம், ஜீவன், ஈச்வரன். பத்தாவது, த்ரவ்யத்தைப் பற்றி நிற்கும் அத்ரவ்யங்கள். அவை ஸத்வம், ரஜஸ், தமஸ், சப்தம், ஸ்பர்சம், ரூபம், ரஸம், கந்தம், ஸம்யோகம், சக்தி எனப் பத்து.

ஈச்வரனைக் கூற வந்த நூல், அறியும் வழிகளை முதலில் கூறுவானேன்? அளவுகோல் செம்மையாக இருந்தாலன்றி அளப்பது செம்மையாகாது. ஸந்நிதியில் எரியும் விளக்கைக் கண்ணால் காண்பது ப்ரத்யக்ஷம். பாலாற்றில் செந்நீர் பெருகி வருவதைக் கண்டு, மேல்நிலத்தில் மழை பெய்தது என்று அறிவது அநுமானம். சேதனமும் அசேதனமும் தனக்குச் சரீரமாக நிற்க, அவற்றுக்கு ஆத்மாவாய் விளங்கும் பரம்பொருளை அறிவதோ வேதமாகிய சப்தத்தாலேயே கூடும். கண் காட்டாததால் ஈச்வரன் இல்லை என்பவனும், செவியில் விழுந்ததை எல்லாம் சாஸ்த்ரம் எனக் கொள்பவனும், ப்ரமாணத்தின் எல்லையை அறியாமையால் ஒருங்கே தவறுகின்றனர்.

இனி, தர்மபூதஜ்ஞானம் என்னும் சொல் புதியோரை மருட்டக்கூடும். விளக்கும் அதன் ஒளியும் போல, ஆத்மாவும் அதன் அறிவும் பிரியாதவை எனக் கொள்க. குடத்துள் இட்ட விளக்கின் ஒளி குடத்தளவே பரவும். குடம் நீங்கினால் எங்கும் பரவும். அவ்வாறே கர்மத்தால் சுருங்கிய ஜ்ஞானம் மோக்ஷத்தில் எல்லையின்றி விரிகிறது. ஞானம் புதிதாக உண்டாவதில்லை; மறைப்பே விலகுகிறது.

நூறு தூஷணங்கள் எனப் பெயர் பெற்ற சததூஷணியில் இன்று கிடைப்பவை 66 வாதங்களே. ஓலைச்சுவடியைப் பெட்டியில் வைத்துப் பூஜித்தால் மட்டும் நூல் நிலைத்துவிடாது. குரு சொல்ல சிஷ்யன் கேட்கும் வழி அறாதிருந்தாலே நிலைக்கும். ஸம்ஸ்க்ருத பாடசாலைகளில் மாணவர் குறைந்துவரும் இக்காலத்தில், அந்த வழியைக் காப்பது வித்வான்களின் கடமை மட்டுமன்று. யதீந்த்ரமத தீபிகையை அச்சிட்டு ஆங்கில மொழிபெயர்ப்புடன் மயிலாப்பூர் ஸ்ரீராமக்ருஷ்ண மடம் வெளியிட்டது. வேறு மரபினரும் போற்றிய நூலை நம்மவர் அறியாதிருத்தல் தகுமோ?

ப்ரஹ்மோத்ஸவம் பத்து நாள். இந்நூலின் அவதாரங்களும் பத்து. காலையில் வாகன ஸேவை, மாலையில் ஓர் அவதாரம் என்று பெரியோர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டால், உத்ஸவம் நிறைவதற்குள் ஸித்தாந்தத்தின் முழு உருவமும் உள்ளத்தில் பதியும். மலையின் படிகளை ஏறிய அடியார்க்கு இப்படியும் எளிதேயாகும். எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.