பிரமாணம் மாறும் இடத்தில்

அன்புள்ள தம்பிக்கு,

பிரபஞ்ச சிமுலேஷன்களைத் திரையில் விரித்து, காண்போர் தம் கையாலேயே அண்டப் பெருவெளியிலிருந்து ஒரு நட்சத்திர மண்டலத்தின் அருகுவரை இறங்கிச் செல்ல வழிசெய்யும் கலையை நீ மேற்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த ஆனந்தம் தருகிறது.

முதலில் உன்னைச் சோதிப்பவை எண்களே. திரைச்சித்திரம் வரைய வழக்கமாகப் பயன்படும் 32 பிட் எண் ஏறக்குறைய ஏழு இலக்கங்களுக்கு மேல் நுட்பம் தாங்காதாகையால், சூரியனை மூலமாகக் கொண்டு மீட்டரில் அளந்தால், 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பூமியில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கிடையே 16 கிலோமீட்டர் இடைவெளி விழுந்து, மலைகளெல்லாம் நடுங்கும். எனவே மூலப்புள்ளியைக் காண்பவரின் கண்ணிலேயே வை. பொருளை நெருங்க நெருங்கப் பயணவேகம் தானே தணியட்டும்.

இவை பழக்கத்தால் கைவரும். அரிதானது சத்தியம். 2005இல் வெளியான மில்லேனியம் சிமுலேஷன், பக்கத்துக்கு 200 கோடி ஒளியாண்டுக்கு மேற்பட்ட ஒரு கன சதுரத்தில் ஆயிரம் கோடிக்கும் அதிகமான துகள்களைக் கொண்டு இருள்பொருளின் பரிணாமத்தைக் கணித்தது. அதில் ஒரே ஒரு துகளின் நிறை நூறு கோடி சூரியன்களுக்கும் மிகுதி. நட்சத்திர மண்டலங்களோ பின்னர் வேறு விதிகளால் அதன்மேல் சேர்க்கப்பட்டவை. ஆகவே அத்துகளுக்குள் காண்பவர் புகும்போது, அங்கே விஞ்ஞானி எதையும் கணிக்கவில்லை என்பதை அறிந்திருந்தும், வெறுமைக்கு அஞ்சி அழகிய விண்மீன்களைத் தூவிவிடுவாயானால், உன் கற்பனை விஞ்ஞானியின் பிரமாணமாக வேஷம் தரித்துவிடும்.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1977இல் அளித்த 'பவர்ஸ் ஆஃப் டென்' குறும்படத்தில், எங்கே நோக்குவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவர்களே நிர்ணயித்தார்கள். நீயோ அந்த அதிகாரத்தைக் காண்பவரிடமே ஒப்படைக்கிறாய். அவர் எந்த இணைப்பிலும் நின்று உற்றுநோக்கலாம். ஆதலால் ஒரு கணிப்பு முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையை மறைக்காதே; நிறம் மாற்றியோ இரண்டு சொல் எழுதியோ அதை அறிவி. ஒளியற்ற இருள்பொருளுக்கு நீ இடும் வண்ணம் எதைக் குறிக்கிறது என்பதையும் அங்கேயே சொல். ஊகித்து நிரப்பிய பகுதியை ஊகமென்றே காட்டு. அதனால் வியப்பு குறையாது, நம்பிக்கை வளரும்.

இனி ஒரு விஞ்ஞானி தம் தரவுகளுடன் உன்னிடம் வரும்போது, வண்ணத்தைப் பற்றிப் பேசுமுன், அவருடைய கணிப்பு அறிந்த மிகச் சிறிய பொருள் எது என்று கேள். அதன் விடையிலிருந்து உன் வேலையைத் தொடங்கு.

என்றும் உன் நலம் நாடும்,
உன் அண்ணன்