கருவுற்ற தாயும் எச்.ஐ.வி. பரிசோதனையும்

பிறக்கும் குழந்தை நோய்நொடியின்றி வளர வேண்டும் என்பதே ஒவ்வொரு தாயின் விருப்பமாகும். அவ்விருப்பத்திற்கு இடையூறாக வரக்கூடியவற்றுள் எச்.ஐ.வி. என்னும் கிருமியும் ஒன்று. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் இக்கிருமி, மலேசியாவில் முதன்முதலாக 1986-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

தாயிடமிருந்து சேய்க்கு இது மூன்று வேளைகளில் தொற்றக்கூடும்: கருப்பையில் வளரும்போது, பிறக்கும்போது, தாய்ப்பால் அருந்தும்போது. சிகிச்சை யாதும் இல்லையெனில், இத்தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகலாம். குறைமாதத்தில் பிறத்தலும் எடை குறைந்து பிறத்தலும் மிகுதியாகும். தொற்றுக்கு ஆளாகிச் சிகிச்சை பெறாத குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதி இரண்டு வயதை எட்டுவதில்லை.

ஆயினும், இதைத் தடுக்க வழியுண்டு. தாய் நாள்தோறும் தவறாது மருந்து உட்கொண்டால், இரத்தத்தில் கிருமியின் அளவு பெரிதும் குறையும். சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழாக இறங்கிவிடும். பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் மருந்து தரப்படும். பாலூட்டுவது குறித்து மருத்துவர் கூறும் அறிவுரையைத் தாய் வழுவாது பின்பற்ற வேண்டும். தாய் தம் மருந்தைப் பேற்றிற்குப் பின்னரும் நிறுத்தலாகாது.

நம் நாட்டில் 1998 முதல் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாய்மாருக்கு இப்பரிசோதனை செய்யப்பட்டு வருகிறது. இதன் பயனாக, தாய்வழியே சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்தமைக்கான சான்றை 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்கு வழங்கிற்று. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அச்சான்றை முதலில் பெற்ற நாடு நம் நாடே.

எனினும், தாய் உரிய காலத்தில் வந்தால்தான் மருத்துவம் பயன்தரும். "ஒரு நாள் கூலி போய்விடுமே" என்றோ, "லயத்தில் உள்ளோர் என்ன நினைப்பார்களோ" என்றோ தயங்கி நாள் கடத்துதல் தகாது. கருவுற்றதை அறிந்தவுடனே தாதியரை நாடுக. கணவரும் உடன் சென்று பரிசோதித்துக்கொள்ளுதல் நன்று; அவரிடமிருந்தும் மனைவிக்குத் தொற்று வரலாமன்றோ!

தொட்டுப் பேசுவதாலோ ஒன்றாக உண்பதாலோ இக்கிருமி தொற்றாது. ஆகவே, தொற்றுள்ள தாயை ஒதுக்குதல் அறியாமையாகும். பழிச்சொல்லுக்கு அஞ்சி அவர் மருந்தகத்திற்குச் செல்லாதிருந்தால், துன்புறுவது ஏதுமறியாப் பச்சிளங்குழந்தையே. அவருக்குத் துணை நிற்பது நம் அனைவரின் கடமையாகும்.