தறியை ஓட வைக்கும் உதவி, உயர வைக்கும் உதவி



"அரசு தொழிலுக்கு உதவுகிறது" என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த உதவி என்ன வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நம் பகுதி விசைத்தறியை வைத்தே அதைப் பார்ப்போம். என் அப்பாவும் அம்மாவும் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆகவே இது எனக்குப் பாடம் மட்டுமல்ல, வீட்டுக் கணக்கும்தான்.

ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பின்பு நூற்பாலைகள் பெருகின. பக்கத்தில் சத்திரப்பட்டி வட்டாரத்து விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்கின்றன.

1. ஓட வைக்கும் உதவி

தமிழக அரசு 2006இல் விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்திற்கு 500 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அறிவித்தது. இது 2016இல் 750 யூனிட்டாகவும், 2023இல் 1000 யூனிட்டாகவும் உயர்ந்தது. சிறு தறிக்காரருக்கு இது பெரிய தெம்பு. ஆனால் கரண்டு பில் குறைவதால் தறி மாறிவிடுவதில்லை. அதே பழைய தறிதான் ஓடுகிறது.

2. உயர வைக்கும் உதவி

மத்திய அரசு 1-4-1999இல் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. புது இயந்திரம் வாங்கும் ஆலைகளின் வங்கி வட்டியில் 5 சதவீதத்தை அரசு ஏற்றது. 2017இல் வந்த பவர்டெக்ஸ் இந்தியா திட்டம் சிறு தறிக்காரரின் சாதாத் தறியையே மேம்படுத்தப் பணம் கொடுத்தது. பொதுப் பிரிவினருக்குச் செலவில் பாதி, தறி ஒன்றுக்கு 45,000 ரூபாய் வரை கிடைத்தது. இவ்விரு திட்டங்களும் இப்போது முடிந்துவிட்டன. ஆனால் தறியில் செய்த மாற்றங்கள் நாம் படிக்க வேண்டியவை:

அ) பாவு நிறுத்தி: ஒவ்வொரு பாவு இழையிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு கீழே விழுந்து மின்சுற்றை இணைக்கும், தறி நின்றுவிடும்.

ஆ) ஊடை நிறுத்தி: நாடாவில் தார் தீர்ந்தாலோ ஊடை அறுந்தாலோ தறி தானே நிற்கும்.

இ) பாவு விடும் அமைப்பு: பழைய தறியில் பாவு உருளையைக் கயிறும் எடைக்கல்லும்தான் பிடித்திருக்கும். புது அமைப்பில் பாவு ஒரே இழுவையில் வரும். பேண்டேஜ் போன்ற மெல்லிய துணியில் நெருக்கமும் இடைவெளியும் மாறி மாறி விழுவது குறையும்.

இவை இல்லாவிட்டால் நெய்பவரின் கண்தான் பாவு நிறுத்தி. கண் அசந்தால் துணி கழிவு. அந்த வாரக் கூலியில் பிடித்தம்.

3. விடுபட்ட உதவி

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "மிசினுக்கு மானியம் வருது, சரி. தறி தானா நின்னா ஒரே ஆளு கூடுதல் தறி பாப்பான். மத்த ஆளுக்கு என்ன வருது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மானியம் தறி உரிமையாளருக்குப் போகிறது. கூலிக்காரரிடம் இருப்பது கைப்பழக்கம் மட்டுமே. தறியை மாற்றும்போதே அதை ஓட்டுபவருக்குப் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுத்து, அந்த வேலைக்குத் தகுந்த கூலியும் கொடுத்தால்தான் உயர்வு முழுமையாகும். இது என் கருத்து.

2023இல் அறிவிக்கப்பட்ட ஏழு பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காக்களில் ஒன்றுக்கு நம் விருதுநகர் மாவட்டத்து இ. குமாரலிங்கபுரம் தேர்வாகியுள்ளது. அங்கே பிட்டராகவும் சூப்பர்வைசராகவும் போகப்போவது நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான். எனவே நண்பர்களே, விடுமுறையில் ஒருநாள் பக்கத்துத் தறிக்கூடத்துக்குப் போங்கள். அங்கிருப்பவரிடம் கைப்பழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தகடு விழுந்தால் தறி ஏன் நிற்கிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அதற்கு மானியம் தேவையில்லை.