கழித்தற் குறியும் வர்க்கமும்: எது முதலில்?

பிள்ளைகளின் கணித வீட்டுப்பாடத்தில் அடிக்கடி புள்ளிகளைப் பறிகொடுக்கும் ஓர் இடத்தை இவ்விதழில் பார்ப்போம்.

−3² இன் பெறுமானம் என்ன? 9 என்று சொல்லத்தான் வாய் வரும். சரியான விடை −9.

ஊரில் நம்மில் பலர் மனனம் செய்த 'போட்மாஸ்' விதியில் இரண்டாம் எழுத்தை 'இன்' என்றே படித்தோம் (20 இன் கால்வாசி என்பது போல). அடுக்குக்கு அதில் இடம் சொல்லப்படவில்லை. இன்று பிள்ளைகள் அதே இடத்தில் அடுக்கைப் படிக்கிறார்கள். அமெரிக்காவில் 'பெம்டாஸ்', கனடாவில் 'பெட்மாஸ்' எனப் பெயர் வேறுபட்டாலும் வரிசை ஒன்றே: அடைப்பு, அடுக்கு, பின்னர் பெருக்கலும் வகுத்தலும், கடைசியாகக் கூட்டலும் கழித்தலும்.

10 − 3² என்றால் 10 − 9 = 1. இதில் எவரும் தடுமாறுவதில்லை. 10 இருந்த இடத்தில் 0 இருந்தால் விடை −9. அந்த 0ஐ எழுதாமல் விட்டதுதான் −3². குறியையும் சேர்த்து வர்க்கிக்க வேண்டுமாயின் அடைப்பு அவசியம்: (−3)² = (−3) × (−3) = 9. கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்ற விதியைப் பிரமகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

ஒற்றை எண் அடுக்கில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். −2³, (−2)³ இரண்டுக்கும் விடை −8. ஆனால் −2⁴ = −16; (−2)⁴ = 16.

மேல் வகுப்புகளில் இதனால் முழுக் கணக்கே போய்விடும். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அதன் 5 மடங்கைக் கழித்து 6ஐக் கூட்டினால் 0 வருகிறது, அவ்வெண் யாது? சூத்திரத்தில் வர்க்கமூலத்தின் உள்ளே வருவது (−5)² − 4 × 1 × 6 = 1. விடைகள் 2, 3. அடைப்பின்றி −5² என்று கல்குலேற்றரில் தட்டினால் −25 − 24 = −49 ஆகி, "தீர்வு இல்லை" என்று பிள்ளை எழுதிவிடும்!

கருவிகளும் ஒரே மாதிரி இல்லை. இன்றைய விஞ்ஞானக் கல்குலேற்றர்கள் பெரும்பாலும் விதிப்படி −9 காட்டும். கணினியில் எக்செல்லோ =−3^2 என்றால் 9 என்கிறது; =0−3^2 என்றால் −9 என்கிறது! ஆகவே அடைப்பைப் போட்டே தட்டப் பழக்குங்கள்.

பயிற்சி: (1) −5² (2) (−5)² (3) −(−4)² (4) 20 − (−2)³

விடைகள்: (1) −25 (2) 25 (3) −16 (4) 28